கோகோ நோய் எதிர்ப்பு சக்தியைக் கூட்டுமா?

தினமும் ஒரு கோப்பை கோகோவோ ஒரு துண்டு டார்க் சாக்லேட்டோ சாப்பிட்டு வந்தால் நோய் எதிர்ப்பு சக்தி கூடுமா, சளி காய்ச்சல் அண்டாமல் இருக்குமா என்பது கேள்வி. கோகோ சாப்பிட்டவர்களுக்குச் சளி காய்ச்சல் குறைந்தது என்று உறுதியாகக் காட்டிய மனிதச் சோதனை எதுவும் இல்லை. அதற்காகக் கோகோவுக்கும் நோய் எதிர்ப்பு மண்டலத்துக்கும் சம்பந்தமே இல்லை என்று தள்ளிவிடவும் முடியாது. சம்பந்தம் இருக்கிறது. விளம்பரம் சொல்கிற திசையில்தான் இல்லை. இதுவரை வந்த ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்தால், அளவு மீறி எகிறும் எதிர்வினையைக் கோகோ கொஞ்சம் தணிக்கிறது என்பதுதான் தெரிகிறது. எதிர்ப்பு சக்தியை முடுக்கிவிடுகிறது என்பதற்கு ஆதாரம் மிகக் குறைவு. இதை மனதில் வைத்துக்கொண்டால் எந்தக் கோகோ, எவ்வளவு, யார் ஜாக்கிரதையாக இருக்க வேண்டும் என்பதெல்லாம் பின்னாலேயே தெளிவாகிவிடும்.

எதிர்ப்பு சக்தி எவ்வளவு கூடினாலும் நல்லது என்ற எண்ணமே முதலில் சரியில்லை. ஒவ்வாமை, ஆஸ்துமா, முடக்குவாதம் எல்லாமே எதிர்ப்பு மண்டலம் தேவையில்லாத இடத்தில் தேவைக்கு மேல் வேலை செய்வதால் வருபவை. வயது ஏற ஏற, தொற்று எதுவும் இல்லாமலேயே உடலில் மெல்லிய அழற்சி ஒன்று ஓடிக்கொண்டிருக்கும். இதய நோய், சர்க்கரை நோய் ஆகியவற்றோடு அதற்குத் தொடர்பு உண்டு. அந்த அழற்சியை அளக்க மருத்துவர்கள் பார்ப்பது சிஆர்பி என்ற புரதத்தை. கல்லீரல் சுரக்கும் இந்தப் புரதம், அழற்சி கூடினால் இரத்தத்தில் கூடும். கோகோ ஆய்வுகளில் அடிக்கடி வரும் அளவு இதுதான்.

உள்ளே என்ன இருக்கிறது

சர்க்கரை சேர்க்காத கோகோ தூள் 100 கிராமில் சுமார் 20 கிராம் புரதம், 33 கிராமுக்கு மேல் நார்ச்சத்து, சுமார் 500 மி.கி. மக்னீசியம், 14 மி.கி. இரும்பு, 7 மி.கி. துத்தநாகம், கிட்டத்தட்ட 4 மி.கி. தாமிரம் இருக்கின்றன. 100 கிராம் தூளை யாரும் ஒரே நாளில் சாப்பிடுவதில்லை. ஒரு மேசைக்கரண்டி தட்டையாக எடுத்தால் 5 கிராம். நாளைக்கு இரண்டு கரண்டி என்று வைத்துக்கொள்வோம். அந்த 10 கிராமில் கிடைப்பது 50 மி.கி. மக்னீசியம், 3 கிராமுக்கு மேல் நார்ச்சத்து, 0.7 மி.கி. துத்தநாகம், கிட்டத்தட்ட 0.4 மி.கி. தாமிரம். இவற்றில் கவனிக்க வேண்டியது தாமிரம். வளர்ந்தவருக்கு ஒரு நாளைக்கு வேண்டியதே 0.9 மி.கி.தான். அதில் நாற்பது விழுக்காடு இரண்டு கரண்டியிலேயே வந்துவிடுகிறது. தாமிரம் கடுமையாகக் குறைந்தால் கிருமிகளை முதலில் எதிர்கொள்ளும் நியூட்ரோஃபில் என்ற வெள்ளையணுக்களின் எண்ணிக்கை இறங்கும். அதற்காகத் தாமிரக் குறைவு இல்லாதவர் கூடுதலாகச் சாப்பிட்டால் வெள்ளையணு கூடிவிடாது.

ஆய்வாளர்கள் அதிகம் பேசுவது தாதுக்களைப் பற்றி அல்ல, ஃபிளவனால் என்ற பாலிஃபீனால் (தாவரங்களில் உள்ள ஒரு வகை வேதிப்பொருள்) வகையைப் பற்றி. எபிகேட்டச்சின், கேட்டச்சின் என்ற சிறிய மூலக்கூறுகளும், அவை சங்கிலியாகக் கோத்துக்கொண்டு உருவாகும் புரோசயனிடின்களும் இதில் அடக்கம். கோகோவின் துவர்ப்புக்கு இவைதான் காரணம். அடுத்தது தியோபுரோமின். காஃபீனின் உறவுக்காரப் பொருள். 10 கிராம் தூளில் சுமார் 200 மி.கி. இருக்கும். காஃபீன் 23 மி.கி. அளவுக்குத்தான், அதாவது ஒரு கோப்பை காபியில் இருப்பதைவிட மிகக் குறைவு.

வெள்ளை சாக்லேட்டைப் பற்றி ஒரே வரியில் சொல்லிவிடலாம்: அதில் கோகோவிலிருந்து வருவது கோகோ வெண்ணெய் மட்டும், ஃபிளவனால் இல்லை. இந்த விஷயத்தில் அதற்கு இடமில்லை.

குடலில்தான் பெரும்பாதி வேலை

சாப்பிட்ட கோகோவில் எபிகேட்டச்சின் சிறுகுடலிலேயே உறிஞ்சப்படும். சுமார் இரண்டு மணி நேரத்தில் இரத்தத்தில் உச்சத்தைத் தொடும். ஆனால் அது எபிகேட்டச்சினாகவே சுற்றுவதில்லை. குடல் சுவரும் கல்லீரலும் அதோடு சல்பேட்டையும் குளுக்குரோனிக் அமிலத்தையும் ஒட்டவைத்து வேறு வடிவமாக்கிவிடுகின்றன. நீளமான புரோசயனிடின் சங்கிலிகள் பெரும்பாலும் உறிஞ்சப்படாமல் பெருங்குடல் வரை போகின்றன. அங்கேயுள்ள நுண்ணுயிர்கள் அவற்றை உடைத்து வேலரோலாக்டோன் போன்ற சிறு பொருள்களாக்குகின்றன; அவை இரத்தத்தில் தலைகாட்ட ஐந்தாறு மணி நேரம் ஆகும். ஒரே கோகோவைக் குடித்த இரண்டு பேருக்குப் பலன் ஒரே மாதிரி இருக்காது என்பதற்கு முக்கியக் காரணம் இதுதான். குடலில் குடியிருக்கும் நுண்ணுயிர்க் கூட்டம் ஆளுக்கு ஆள் வேறு.

இதைத் தெரிந்துகொள்வதில் நடைமுறைப் பயன் ஒன்று உண்டு. ‘கோகோ சாறு மேக்ரோஃபேஜ் செல்களில் (கிருமிகளை விழுங்கும் எதிர்ப்புச் செல்கள்) அழற்சியைக் குறைத்தது’ என்ற செய்திகள் நிறைய வரும். ஆய்வகத் தட்டில் செல்கள்மேல் கோகோ சாற்றை ஊற்றினால், அழற்சி மரபணுக்களை இயக்கும் என்எஃப்-கப்பா-பி என்ற விசை அடங்குவதும், டிஎன்எஃப்-ஆல்ஃபா, இன்டர்லூகின்-6 ஆகிய அழற்சியைத் தூண்டும் புரதங்கள் குறைவதும் உண்மைதான். ஆனால் தட்டில் ஊற்றப்படும் செறிவு பல வேளைகளில் மனித இரத்தத்தில் கிடைப்பதைவிடப் பல மடங்கு அதிகம். ஊற்றப்படும் பொருளும் உடலில் மாற்றமடைவதற்கு முந்தைய வடிவம். அப்படிப்பட்ட ஆய்வை வைத்துக்கொண்டு ஒரு கோப்பை கோகோ என்ன செய்யும் என்று முடிவு கட்டக் கூடாது.

அந்தச் செறிவு நிஜமாகவே கிடைக்கக்கூடிய இடம் குடல்தான். உடலின் எதிர்ப்புச் செல்கள் ஏராளமாகக் குடலை ஒட்டி இருக்கின்றன. கோகோவின் உறிஞ்சப்படாத பகுதி நேராக அவற்றின் பக்கத்தில் போய் நிற்கிறது. அதனால் கோகோவுக்கும் எதிர்ப்பு மண்டலத்துக்கும் உள்ள தொடர்பைத் தேடுபவர்கள் இரத்தத்தைவிடக் குடலைக் கவனிப்பதே சரி.

எலிகளில் கண்டது

இந்தத் துறையில் நீண்ட காலமாக வேலை செய்துவருவது பார்சிலோனா பல்கலைக்கழக ஆய்வுக் குழு. அவர்கள் எலிகளின் தீனியில் பத்தில் ஒரு பங்கு கோகோவைக் கலந்து வாரக்கணக்கில் கொடுத்தார்கள். இரத்தத்தில் எதிர்ப்பொருள்கள் குறைந்தன. குடலில் சுரந்து கிருமிகளைத் தடுக்கும் ஐஜி-ஏ வகை எதிர்ப்பொருளும் குறைந்தது. குடலை ஒட்டிய நிணக் கணுக்களில் காமா-டெல்டா டி செல்கள் என்ற ஒரு வகை வெள்ளையணுக்களின் விகிதம் கூடியது. முட்டைப் புரதத்துக்கு ஒவ்வாமை உண்டாகும்படி தூண்டப்பட்ட எலிகளில், ஒவ்வாமைக்குக் காரணமான ஐஜி-இ எதிர்ப்பொருள் உருவாவதைக் கோகோ தீனி தடுத்தது.

இதில் நல்ல செய்தியும் எச்சரிக்கையும் சேர்ந்தே இருக்கின்றன. ஒவ்வாமைப் பக்கம் அடங்குவது நல்லது. ஆனால் குடலின் ஐஜி-ஏ குறைவதை ‘எதிர்ப்பு சக்தி கூடியது’ என்று யாரும் சொல்ல முடியாது. இன்னொன்று: ஐஜி-ஏ குறைவதற்கு ஃபிளவனால் மட்டும் காரணமில்லை. 10 விழுக்காடு கோகோவில் இருக்கும் அளவுக்குத் தியோபுரோமினை மட்டும் தனியாகத் தீனியில் கலந்தபோதும் குடலில் ஐஜி-ஏ குறைந்தது. எல்லாப் புகழும் பழியும் ஃபிளவனாலுக்கே போவதால் இதைப் பலர் கவனிப்பதில்லை. மூட்டு அழற்சி எலிகளில் கோகோ எதிர்ப்பொருள்களைக் குறைத்தாலும் பாத வீக்கத்தைப் பெரிதாகக் குறைக்கவில்லை. எனவே முடக்குவாதம் உள்ளவர்கள் கோகோவை நம்பி மாத்திரையைக் குறைப்பதற்கு எந்த அடிப்படையும் கிடையாது.

அளவையும் பாருங்கள். தீனியில் 10 விழுக்காடு என்றால், நாளைக்கு அரை கிலோ உலர் உணவு சாப்பிடும் மனிதருக்கு 50 கிராம் கோகோ தூள். பத்து மேசைக்கரண்டி. அதில் ஒரு கிராம் தியோபுரோமினும் 115 மி.கி. காஃபீனும் இருக்கும். நெஞ்சு படபடக்கும், தலை வலிக்கும், குமட்டும். எலியில் கண்டதைப் பெற நாமும் அவ்வளவு சாப்பிட வேண்டும் என்பதல்ல இதன் பொருள். இரண்டு கரண்டியில் அந்த அளவுக்கு விளைவு வராது என்பதுதான். நல்லதும் அந்த அளவுக்கு வராது, ஐஜி-ஏ குறைவது போன்றதும் வராது.

மனிதர்களில் கண்டது

மனிதச் சோதனைகளில் மூன்றைச் சொல்கிறேன். முதலாவது 2009இல் ஸ்பெயினில் வந்தது. இதய நோய் ஆபத்து அதிகமுள்ள 42 பேருக்கு நான்கு வாரம் தினமும் 40 கிராம் கோகோ தூளை அரை லிட்டர் கொழுப்பு நீக்கிய பாலோடும், இன்னொரு நான்கு வாரம் பாலை மட்டும் கொடுத்தார்கள். கோகோ குடித்த காலத்தில், இரத்தக் குழாய்ச் சுவரில் மோனோசைட் வெள்ளையணுக்கள் ஒட்டிக்கொள்ள உதவும் சில மூலக்கூறுகள் குறைந்தன. வெள்ளையணு குழாய்ச் சுவரில் ஒட்டி உள்ளே நுழைவதுதான் இரத்தக் குழாய் அழற்சியின் தொடக்கம். ஆகவே இது பொருள் உள்ள மாற்றம். ஆனால் 40 கிராம் என்பது எட்டு மேசைக்கரண்டி.

இரண்டாவது 2011இல் வந்தது. நலமாக உள்ள 22 பேர். நாளைக்கு 494 மி.கி. ஃபிளவனால் உள்ள கோகோ பானம் நான்கு வாரம், 23 மி.கி. மட்டும் உள்ள பானம் நான்கு வாரம். அதிக ஃபிளவனால் குடித்தபோது குடலுக்கு நல்லது செய்யும் பைஃபிடோபாக்டீரியாவும் லாக்டோபாசில்லஸும் கூடின, கிளாஸ்ட்ரிடியா என்ற நுண்ணுயிர் வகை குறைந்தது, சிஆர்பியும் சற்று இறங்கியது. குடல் வழியாகத்தான் வேலை நடக்கிறது என்ற கருத்துக்கு மனிதரில் கிடைத்த நல்ல சான்று இது. 22 பேர் என்பது சிறிய எண்ணிக்கை என்பதையும் மறக்க வேண்டாம்.

மூன்றாவது, காஸ்மோஸ் என்ற பெரிய அமெரிக்கச் சோதனை. 60 வயது கடந்த ஆண்களும் 65 வயது கடந்த பெண்களுமாக 21,442 பேர். பாதிப் பேருக்கு 500 மி.கி. ஃபிளவனால் உள்ள கோகோ சாறு, மாத்திரையாக. 2022இல் வந்த முடிவில், மாரடைப்பு, பக்கவாதம் உள்ளிட்ட இதயக் குழாய் நோய்கள் மொத்தத்தில் 10 விழுக்காடு குறைவாகத் தெரிந்தாலும் அது புள்ளியியல்படி உறுதியாகவில்லை. இதய நோயால் வந்த இறப்பு மட்டும் 27 விழுக்காடு குறைந்தது. பின்னர் சுமார் 600 பேரின் இரத்தத்தைத் தனியாகப் பார்த்தபோது, கோகோ சாறு எடுத்தவர்களின் சிஆர்பி, போலி மாத்திரை எடுத்தவர்களோடு ஒப்பிட ஆண்டுக்கு ஏறக்குறைய 8 விழுக்காடு குறைந்துவந்தது. மற்ற அழற்சிக் குறியீடுகளில் அப்படித் தெளிவான இறக்கம் இல்லை. முதியவர்களின் மெல்லிய அழற்சியைக் கோகோ ஃபிளவனால் ஓரளவு குறைக்கிறது என்று இதை வைத்துச் சொல்லலாம். கொடுத்தது சாறு, சாக்லேட் அல்ல. இத்துறையின் பல சோதனைகள் சாக்லேட் நிறுவனங்களின் பண உதவியோடு நடந்தவை என்பதையும் கூடவே நினைவில் கொள்ள வேண்டும்.

எந்தத் தூள்: இங்கேதான் பெரும்பாலோர் ஏமாறுகிறார்கள்

கோகோ சாப்பிட்டும் பலன் இல்லாமல் போவதற்கு முதல் காரணம் தூளைத் தேர்ந்தெடுப்பதில் நடக்கும் தவறு. கோகோ விதை புளிக்கவைக்கப்படும்போதே ஃபிளவனால் ஒரு பகுதி போகிறது, வறுக்கும்போது இன்னொரு பகுதி போகிறது. இவற்றைத் தவிர்க்க முடியாது, சுவை அப்படித்தான் வரும். பெரிய இழப்பு அதற்குப் பிறகு, காரம் (ஆல்கலி) சேர்க்கும் இடத்தில். பத்தொன்பதாம் நூற்றாண்டில் நெதர்லாந்தின் வான் ஹூட்டன் கொண்டுவந்த முறை இது. பொட்டாசியம் கார்பனேட் போன்ற காரத்தைச் சேர்த்தால் புளிப்பும் துவர்ப்பும் போய், நிறம் கறுத்து, தூள் நீரில் நன்றாகக் கலக்கும். டச்சு கோகோ என்று விற்பது இதுதான். துவர்ப்பு போகிறது என்றால் ஃபிளவனாலும் போகிறது என்று பொருள்.

2008இல் வெளியான அளவீடு ஒன்று இதை எண்ணாகவே காட்டியது. காரம் சேர்க்காத இயற்கைத் தூளில் சராசரியாக ஒரு கிராமுக்கு 34.6 மி.கி. ஃபிளவனால். லேசாகக் காரம் சேர்த்ததில் 13.8. நடுத்தரமாகச் சேர்த்ததில் 7.8. அதிகம் சேர்த்ததில் 3.9. காஸ்மோஸ் சோதனையின் 500 மி.கி.யை எட்ட இயற்கைத் தூள் என்றால் 14, 15 கிராம் போதும். நன்றாகக் கறுத்த தூள் என்றால் கிட்டத்தட்ட 130 கிராம் வேண்டும். அதாவது கரண்டிக் கணக்கு சரியாக இருந்தாலும் டப்பா தவறாக இருந்தால் எல்லாம் வீண். இயற்கைத் தூளிலும் விதையின் ரகம், வறுவல் பொறுத்து ஏற்ற இறக்கம் உண்டு என்பதால் 34.6 என்பதைச் சராசரியாக மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள்.

டப்பாவின் பின்பக்கப் பொருள் பட்டியலில் ‘காரம் சேர்த்துப் பதப்படுத்தியது’ என்றோ, அமிலத்தன்மைச் சீராக்கி 500, 501 என்றோ இருந்தால் அது டச்சு வகை. ‘கோகோ தூள்’ என்ற ஒரே சொல் மட்டும் இருந்தால் பெரும்பாலும் இயற்கை வகை. நிறமும் காட்டிக்கொடுக்கும். இயற்கைத் தூள் வெளிறிய செம்பழுப்பு. நாக்கில் வைத்தால் கசப்போடு கூர்மையான புளிப்பு தட்டும். டச்சுத் தூள் அடர் பழுப்பு முதல் கறுப்பு வரை, சுவை மழுங்கலாக இருக்கும். இன்னும் சந்தேகம் என்றால், கண்ணாடிக் கோப்பையில் ஒரு தேக்கரண்டி தூளை மூன்று கரண்டி வெந்நீரில் கட்டியில்லாமல் கரைத்து, ஒரு சிட்டிகை சமையல் சோடாவைத் தூவிப் பாருங்கள். இயற்கைத் தூள் அமிலத்தன்மை உள்ளது (பிஎச் 5.3 முதல் 5.8 வரை), ஆகவே பொடிக் குமிழ்கள் கிளம்பும், சற்று நேரத்தில் நிறம் கருஞ்சிவப்பாக இருளும். அப்படி இருளும்போது ஃபிளவனால் காரத்தில் பட்டு அழிந்துகொண்டிருக்கிறது. தொழிற்சாலையில் நடப்பதே சிறிய அளவில் கண்முன் நடக்கிறது. அதைக் கொட்டிவிடுங்கள். கேக்கில் கோகோவோடு சமையல் சோடா அதிகம் சேர்த்தால் ஃபிளவனால் குறைவதும் இதே காரணத்தால்தான். பேக்கிங் பவுடரில் அமிலமும் சேர்ந்தே இருப்பதால் இழப்பு குறைவு.

சாக்லேட் உறையில் உள்ள விழுக்காட்டை முழுதாக நம்ப வேண்டாம். 70 விழுக்காடு என்பது கோகோ வெண்ணெயும் சேர்ந்த கணக்கு. ஃபிளவனால் இருப்பது கொழுப்பில்லாத பகுதியில் மட்டும். 85 விழுக்காடு சாக்லேட்டும் காரம் சேர்த்த கோகோவால் செய்ததாக இருக்கலாம். 70 முதல் 85 விழுக்காடு வரையிலான டார்க் சாக்லேட் 25 கிராமில் சுமார் 150 கலோரி, 6 கிராம் சர்க்கரை, 6 கிராம் நிறைவுற்ற கொழுப்பு வரும். 10 கிராம் தூளில் சுமார் 23 கலோரி. எனவே பலனுக்காக என்றால் தூள், ருசிக்காக என்றால் சாக்லேட். பால் சாக்லேட்டில் பாதிக்குப் பாதி சர்க்கரை என்பதால் அதை இந்தக் கணக்கில் சேர்க்கவே வேண்டாம்.

எப்படிக் கலக்குவது, எதோடு சேரக் கூடாது

ஒரு வேளைக்கு 5 முதல் 7 கிராம் இயற்கைத் தூள் எடுத்துக்கொள்ளுங்கள். நேரடியாகச் சூடான பாலில் கொட்டினால் கட்டி கட்டும், ஏனென்றால் தூளில் உள்ள கொழுப்பு நீரை ஒட்டவிடாது. வெளிப்புறம் நனைந்து உள்ளே உலர்ந்த உருண்டையாக மிதக்கும். முதலில் இரண்டு கரண்டி வெதுவெதுப்பான நீர் விட்டுப் பசைபோல் குழைத்து, பிறகு 150 முதல் 200 மி.லி. சூடான நீரோ பாலோ கொஞ்சம் கொஞ்சமாக ஊற்றுங்கள். ஒன்றிரண்டு நிமிடக் கொதிப்பால் பெரிய நட்டம் இல்லை. குடுவையில் ஊற்றி மணிக்கணக்கில் சூடாகவே வைத்திருப்பதைத் தவிர்க்கலாம். நீண்ட நேரச் சூட்டில் எபிகேட்டச்சின் வடிவம் மாறிவிடும். அடியில் தங்கும் வண்டலில் நார்ச்சத்து இருக்கிறது, கலக்கிக் குடித்துவிடுங்கள்.

பால் சேர்த்தால் ஃபிளவனால் உடலில் சேராது என்ற பேச்சு 2003இல் வந்த ஒரு ஆய்விலிருந்து பரவியது. பின்னால் வந்த பல ஆய்வுகள் பால் சேர்த்தாலும் பெரிய வேறுபாடு இல்லை என்று காட்டின. பால் பிடித்தால் பாலோடு குடியுங்கள்.

கவலைப்பட வேண்டியது வாழைப்பழம். வெட்டி வைத்தால் கருக்கிற பழங்களில் பாலிஃபீனால் ஆக்சிடேஸ் என்ற நொதி இருக்கிறது. அது ஃபிளவனாலையும் தின்றுவிடும். 2023இல் வந்த ஆய்வில், வாழைப்பழ ஸ்மூத்தியோடு ஃபிளவனால் எடுத்தவர்களின் இரத்தத்தில், மாத்திரையாக மட்டும் எடுத்தபோது இருந்ததைவிட 84 விழுக்காடு குறைவாகவே ஃபிளவனால் இருந்தது. பெர்ரி பழங்களோடு எடுத்தபோது இப்படி நடக்கவில்லை. வாழைப்பழத்தைத் தனியாகச் சாப்பிட்டு அதே நேரத்தில் ஃபிளவனாலைக் குடித்தாலும் வயிற்றில் ஓரளவு இந்த இழப்பு நடக்கிறது. வாழைப்பழமும் கோகோவும் கலந்த பானம் ஆரோக்கியம் என்ற பெயரில் எங்கும் பரவியிருப்பதால் இதை அழுத்திச் சொல்கிறேன். இரண்டையும் வேறு வேறு வேளையில் வைத்துக்கொள்ளுங்கள்.

அடுத்தது இரும்பு. எதிர்ப்பு சக்தியைப் பொறுத்தவரை கோகோவால் வரக்கூடிய உண்மையான நட்டம் இதில்தான் இருக்கிறது. கோகோவின் பாலிஃபீனால் தாவர உணவிலுள்ள இரும்பைப் பிடித்து வைத்துக்கொள்ளும். ரொட்டியோடு கோகோ பானம் குடித்தபோது இரும்பு உறிஞ்சப்படுவது சுமார் 70 விழுக்காடு குறைந்ததாக 1999இல் வந்த ஆய்வு காட்டியது. இரும்புக் குறைவு இருந்தால் டி செல்கள் பெருகுவதும் கிருமியைக் கொல்லும் திறனும் குறையும். எதிர்ப்பு சக்திக்காக என்று உணவோடு கோகோவைக் குடித்து, இரத்தசோகையை வளர்த்துக்கொண்டால் போட்ட கணக்கு தலைகீழாகிவிடும். உணவுக்கும் இரும்பு மாத்திரைக்கும் ஒன்று முதல் இரண்டு மணி நேரம் தள்ளிக் குடியுங்கள். கோகோவிலேயே இரும்பு இருக்கிறதே என்று ஆறுதல் கொள்ள வேண்டாம், அதே காரணத்தால் அதுவும் நன்றாகச் சேராது.

எவ்வளவு போதும்

ஐரோப்பிய உணவுப் பாதுகாப்பு ஆணையம் 2012இல் ஏற்றுக்கொண்ட கூற்று, நாளைக்கு 200 மி.கி. கோகோ ஃபிளவனால் இரத்தக் குழாயின் நெகிழ்வுக்கு உதவும் என்பது. எதிர்ப்பு சக்தியைப் பற்றி அது எதுவும் சொல்லவில்லை. சராசரி இயற்கைத் தூளில் அந்த அளவு 6 கிராமில் வந்துவிடும். நலமாக உள்ள வளர்ந்தவர் நாளைக்கு 5 முதல் 10 கிராமோடு நிறுத்திக்கொள்ளலாம் என்பதே என் கருத்து. அதற்கு மேல் போகாமல் இருக்க ஒரு திடமான காரணம் காட்மியம். மண்ணிலிருந்து மரம் உறிஞ்சி விதையில் சேர்த்துவைக்கும் கன உலோகம் இது. சிறுநீரகத்தில் பல பத்தாண்டுகள் தங்கும். ஐரோப்பிய ஒன்றியத்தில் நுகர்வோருக்கு விற்கும் கோகோ தூளுக்கான வரம்பு கிலோவுக்கு 0.60 மி.கி. வரம்பின் விளிம்பில் உள்ள தூளில் 10 கிராம் எடுத்தால் 6 மைக்ரோகிராம் காட்மியம். 60 கிலோ எடையுள்ளவருக்கு அங்கே வகுத்திருக்கும் வாராந்திர அளவு 150 மைக்ரோகிராம், அதாவது நாளைக்கு சுமார் 21. கோகோ மட்டுமே அதில் கால் பங்குக்கு மேல் எடுத்துக்கொள்கிறது. தானியம், கீரை, கிழங்கு வழியாக வருவது தனி. ஈயம் வேறு வழியில், விதையை வெளியில் உலர்த்தும்போது தூசியோடு வந்து சேருகிறது. ஒரே டப்பாவையே ஆண்டுக்கணக்கில் வாங்காமல், உலோகப் பரிசோதனை முடிவை வெளியிடும் தயாரிப்புகளைப் பார்த்து, மாற்றி மாற்றி வாங்குவது நல்லது. குழந்தைகளுக்கும் கர்ப்பிணிகளுக்கும் தினசரிப் பழக்கமாக்காமல் எப்போதாவது என்ற அளவில் வைத்திருங்கள்.

பலன் தெரிகிறதா என்று சிஆர்பி பரிசோதனை செய்து பார்க்க விரும்புகிறவர்கள், சளியோ பல்வலியோ இருக்கும்போது செய்ய வேண்டாம். 10 மி.கி./லிட்டருக்கு மேல் வந்தால் அது பெரும்பாலும் உடனடித் தொற்று அல்லது காயத்தைக் காட்டும். இரண்டு வாரம் கழித்து மறுபடி பார்க்க வேண்டும். எடை, தூக்கம், புகைப்பழக்கம் ஆகியவை சிஆர்பியைக் கோகோவைவிட அதிகம் ஆட்டிவைக்கும்.

யார் ஒதுங்கி நிற்க வேண்டும்

நிக்கல் ஒவ்வாமை உள்ளவர்கள் முதலில். நிக்கல் அதிகமுள்ள உணவுகளில் கோகோவும் ஒன்று. வளையல், கடிகாரப் பட்டை பட்ட இடத்தில் அரிப்பு வருகிறவர்களில் சிலருக்குக் கோகோ சாப்பிட்டாலே கையில் படை கிளம்பும். இதுவும் எதிர்ப்பு மண்டலத்தின் வேலைதான். மற்றபடி ‘சாக்லேட் ஒவ்வாமை’ என்று சொல்லப்படுவதில் பெரும்பாலும் குற்றவாளி அதிலுள்ள பால், வேர்க்கடலை அல்லது மற்றப் பருப்புகள்.

உறுப்பு மாற்று செய்துகொண்டவர்கள், புற்றுநோய் சிகிச்சையில் உள்ளவர்கள் போன்று எதிர்ப்பு சக்தி குன்றியவர்கள் வறுக்காத ‘ரா’ கோகோவைத் தொடக் கூடாது. ஃபிளவனால் அதிகம் என்று அதை விற்கிறார்கள். ஆனால் விதையில் உள்ள சால்மோனெல்லாவைக் கொல்வது வறுவல்தான். ஈரம் குறைந்த சாக்லேட்டில் அந்தக் கிருமி மாதக்கணக்கில் உயிரோடு இருக்கும். கொழுப்பு அதற்குக் கவசமாகி வயிற்று அமிலத்திலிருந்தும் காப்பாற்றும். அதனால் மிகக் குறைந்த எண்ணிக்கையே நோயை உண்டாக்கப் போதும்.

சிறுநீரகக் கல் வந்தவர்களுக்குக் கோகோவின் ஆக்ஸலேட் ஆகாது. பொட்டாசியம் கட்டுப்பாட்டில் உள்ள சிறுநீரக நோயாளிகள் 10 கிராமில் 150 மி.கி. பொட்டாசியம் வருகிறது என்று கணக்கில் எழுதிக்கொள்ள வேண்டும். நெஞ்செரிச்சல் உள்ளவர்களுக்கு அது கூடலாம். ஆஸ்துமாவுக்குத் தியோபிலின் எடுப்பவர்கள் அதே குடும்பத்துப் பொருளை மேலும் ஏற்றுகிறோம் என்பதை மருத்துவரிடம் சொல்லிவிட வேண்டும். ஃபிளவனால் இரத்தத் தட்டணுக்கள் ஒட்டும் தன்மையைச் சற்றுக் குறைக்கும். ஒரு கோப்பை கோகோவுக்கு அஞ்ச வேண்டியதில்லை, 500 மி.கி. சாறு மாத்திரை எடுப்பவர்கள், இரத்தம் உறையாமலிருக்க மருந்து சாப்பிட்டாலோ அறுவை சிகிச்சைக்கு நாள் குறித்திருந்தாலோ முன்கூட்டியே தெரிவிக்க வேண்டும்.